இடுக்கில் வைத்த பிள்ளையார்கள்

டொக்.

அவ்வளவுதான் சத்தம். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில், யாரோ காபி குடித்துவிட்டுப் பீங்கான் கோப்பையை மேசையில் வைத்தார்கள். நன்றாக வெந்த கோப்பை என்றால் ஒரு சின்ன மணியோசை எழும்பி, காதோரம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும். இது நிற்கவில்லை. விழுந்த இடத்திலேயே செத்தது. என் கையிலிருந்த காபி அப்படியே ஆறிப்போனது. பக்கத்தில் இருந்த தங்கை, "என்னக்கா, யாராவது கூப்புட்டாங்களா?" என்றாள்.

கூப்பிட்டதுதான். விருத்தாசலம் கூப்பிட்டது.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே போனவள். உங்களுக்குத் தர என்னிடம் சூத்திரங்கள் இல்லை. அவை உங்கள் கணினியிலேயே இருக்கின்றன, என்னைவிட வேகமாக, என்னைவிட இளமையாக. என்னிடம் இருப்பது ஒரு திடுக்கிடல். இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை. அதைத்தான் உங்கள் கையில் வைக்கப் போகிறேன், சுட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியில் போட்ட பணம் ஊருக்கு என்ன திருப்பித் தந்தது என்று சொல்வது நம் வேலை. வெளியில் இருப்பவர்கள் இதை வட்டிக்கணக்கு என்று நினைக்கிறார்கள். வட்டிக்கணக்கில் நடந்ததை மட்டும் பார்த்தால் போதும். நமக்கு நடக்காததையும் பார்க்க வேண்டும். இந்த ஆராய்ச்சியே நடக்காமல் போயிருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும்? அந்த ஊரை யாரும் கண்டதில்லை. அதற்கு பஸ் கிடையாது. ஆகவே ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொள்கிறோம். புதியதை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் மறு பக்கம். மறு பக்கத்தையே அந்த இல்லாத ஊராக வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்கிறோம். அந்தத் தூரம்தான் ஆராய்ச்சியின் பலன் என்கிறோம்.

எவ்வளவு சுத்தமான யோசனை! வெள்ளைத் துணியில் மடிப்புக் கலையாமல் வைத்ததுபோல. அந்த மடிப்புக்குள் ஒரு மனிதர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் எல்லாம் சின்ன யூனிட்டுகள். பொம்மை, கோப்பை, ஊதுவத்தி ஸ்டாண்டு, மின்சாரச் சாமான். பெரும்பாலோருக்குச் சொந்தச் சூளை கிடையாது. அச்சில் வார்த்துக் காயவைத்த சரக்கை டிராலியில் அடுக்கிப் பொதுச் சூளைக்கு அனுப்புவார்கள்; கூலி கொடுத்து, சுட்டதும் எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிய மண் கலவை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். வழக்கமான சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே வெந்து இறுகும் கலவை. எரிவாயு மிச்சம், உடைசல் குறைவு. பொம்மைக்காரர்களும் கோப்பைக்காரர்களும் அதற்கு மாறிவிட்டார்கள். மின்சாரச் சாமான் செய்கிற சிலர் மட்டும் பழைய மண்ணிலேயே நின்றார்கள். ஏன் மாறவில்லை என்ற கட்டத்தில் எங்கள் கணக்கெடுப்பாளர்கள், "காரணம் கூறவில்லை" என்று எழுதிவைத்திருந்தார்கள்.

கணக்கைப் போட்டோம். வந்த விடையைப் பார்த்து அறையில் யாரோ கை தட்டினார்கள். வருமானத்தில் மாறியவர்கள் மேலே, மாறாதவர்கள் பாதாளத்தில். நடுவில் அவ்வளவு பெரிய தூரம். ஆய்வுக்கூடத்தின் எதிர்காலமே இந்த அறிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூடிவிடலாமா, வளர்க்கலாமா என்று மேலிடத்தில் பேச்சு. எங்கள் குழுவின் தலைவர் அன்றே மேலிடத்துக்குப் போனில் சொல்லிவிட்டார். அறிக்கையின் கடைசியில் ஒரு பரிந்துரையும் சேர்ந்தது: மாறாதவர்களுக்குச் சூளையில் ஒதுக்கிய இடத்தை எடுத்து மாறியவர்களுக்குக் கொடுக்கலாம். கண்டுபிடிப்பின் பலன் இன்னும் பெருகும்.

தலைவர் என்னிடம் சொன்னார்: "ஒரு தடவை நேர்ல போயிட்டு வாங்கம்மா. மாறாதவங்கள்ல யாராவது ஒருத்தரைப் பாத்து, ஏன் மாறலன்னு ரெண்டு வரி வாங்கிட்டு வாங்க. போட்டோவும் வேணும். பின்னிணைப்பு வெறிச்சுன்னு இருக்கு."

பின்னிணைப்பை நிரப்பத்தான் போனேன்.

ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால், பெண்ணாடம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. வெயில் வெள்ளையாக இருந்தது. பேட்டைக்குள் நுழைந்ததும் இன்னொரு வெள்ளை. மரத்தின் இலைமேல், சைக்கிள் சீட்டின்மேல், மனிதர்களின் புருவத்தின்மேல் மண்பொடி. எல்லோரும் ஒரே நாளில் கிழவர்களாகிவிட்ட ஊரைப் போல.

ஆய்வுக்கூடத்தில் தமிழரசி காத்திருந்தார். புதிய கலவையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒல்லியான பெண், பேசும்போது கை தானாகவே எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். "மேடம், நம்பர் நல்லா வந்துருக்குன்னு கேள்விப்பட்டேன்," என்றார். கண்ணில் தூக்கமில்லாத வருஷங்கள் தெரிந்தன. "எங்க வூட்டுல கூட நம்பல. குறைஞ்ச சூட்டுல பீங்கானான்னு சிரிச்சாங்க. இப்ப பேட்டையே அதுலதான் ஓடுது." மதியம் டிராலி வெளியே வரும், படமெடுக்க நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

மாறாதவர்களின் பெயர்களில் முதலில் இருந்தவர் சாதிக் பாய். மங்கலம்பேட்டைக்காரர். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்து சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்து இந்த ஷெட்டில் போட்டவர். வீட்டு மீட்டர் பலகையில் இருக்குமே, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர், அதைச் செய்கிறார். நான் போனபோது வாசலில் சாக்குமூட்டைகள் குவிந்திருந்தன. அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. தேறாத பசங்க கிளாஸு இதுதான்."

"யார் பாய் அப்படிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்ல வேணாம். வர்ற ஆபீசருங்க எல்லாம் எதிர் வரிசைக்குப் போயி போட்டோ புடிப்பாங்க. இந்தப் பக்கம் வந்தா பாத்ரூம் எங்க இருக்குதுன்னு கேப்பாங்க. உங்களுக்கு எது?"

சிரித்துவிட்டேன். உட்கார இன்னொரு மூட்டையைத் தட்டிக் கொடுத்தார். உள்ளே கலகலவென்று பீங்கான் உருண்டது. சரக்கா என்றேன்.

"போன சரக்கு. திரும்பி வந்துருக்குது. மாமியார் வூட்டுக்குப் போன பொண்ணு பொட்டியோட வந்து நிக்கிறாப்புல." சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். மேலே பளபளப்பாகத்தான் இருந்தது. "ஸ்க்ரூ முறுக்குனா விரியுதாம். மழை பேஞ்சா கரண்டு கசியுதாம். மண்ண மாத்துனேன். தண்ணிய மாத்துனேன். மண்ணு கலக்குற ஆளையும் மாத்துனேன் மேடம். ஷெட்டு தொறந்த நாள்லேர்ந்து கூட இருந்த மனுஷன். உன் கை சரியில்லன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லி அனுப்பிச்சேன். இன்னும் அப்படியேதான் வருது. இனிமே மாத்துறதுக்கு நான்தான் பாக்கி."

"புது மண்ணுக்கு ஏன் மாறலை?"

"வாங்குறவன் ஒத்துக்கணும்ல? பழைய மண்ணுக்குத்தான் அவன்கிட்ட டெஸ்ட் பண்ண பேப்பர் இருக்குது. புது மண்ணுன்னா மறுபடி முதல்லேர்ந்து. கணக்கெடுக்க வந்த பையன்கிட்ட சொன்னேனே, எழுதலியா?"

எழுதவில்லை. என் குறிப்பேட்டில் அதை நானே எழுதிக்கொண்டேன்.

நாளை பெண்ணாடத்திலிருந்து ஒருவர் ஷெட்டைப் பார்க்க வருகிறாராம். குடோனாக வைத்துக்கொள்வாராம். முன்பணத்தோடு வருகிறாராம். இதைச் சொல்லும்போது மட்டும் பாயின் குரலில் வேடிக்கை இல்லை.

அப்போது அடுத்த ஷெட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். கலா. விரலளவு பிள்ளையார் பொம்மைகள் செய்கிறவர். எங்கள் அறிக்கையில் வெற்றிக்கதை என்று ஒரு முழுப் பக்கம் பெற்றவர்.

"பாய், மேடத்துக்கு டீ சொன்னீங்களா, இல்ல வழக்கம்போல பேச்சு மட்டும்தானா?"

"ஒன் பிள்ளையாருக்கு நான் வாடகை கேக்கலன்னு சந்தோஷப்படு, போ."

"கேளுங்களேன். கொழுக்கட்டையா தரேன்."

என்ன வாடகை என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குக் கேட்டேன். இளைஞர்களே, நம் தொழிலில் உருப்படியான கேள்விகள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. படிவத்தில் இடமில்லாத கேள்விகளாக.

"அது ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் கலா. "டிராலியில பாய் சரக்கு அடுக்குனா நடுவுல நடுவுல இடுக்கு விழும். சும்மாதான கிடக்குது, உன் பொம்மைய வச்சுக்கன்னு சொன்னாரு. எனக்குத் தனி டிராலி எடுக்குற அளவுக்குச் சரக்கு சேராது. பேட்டையில எல்லாரும் இப்படித்தான். ஒருத்தரு இடுக்குல ஒருத்தரு வச்சுக்குவோம். இதுக்கெல்லாமா கூலி வாங்குவாங்க?"

எனக்கு அப்போதும் எதுவும் புரியவில்லை. நல்ல பழக்கம், பின்னிணைப்பில் ஒரு வரி சேர்க்கலாம் என்றுதான் தோன்றியது.

மதியம் சூளைக்குப் போனோம். பாயும் கலாவும் தங்கள் சரக்கை எடுக்க வந்தார்கள். தமிழரசி முன்னே நின்றார். கதவு திறந்து, டிராலி மெல்ல வெளியே வந்தது. வெப்பம் முகத்தில் கை வைத்துத் தள்ளியது. அலமாரி அலமாரியாக வெள்ளை ஃபியூஸ் கேரியர்கள். அவற்றின் நடுவே, இடுக்குக்கு இடுக்கு, குட்டிப் பிள்ளையார்கள். திருவிழாக் கூட்டத்தில் அப்பன் தோளில் உட்கார்ந்து தேர் பார்க்கிற குழந்தைகளைப் போல அத்தனை நிம்மதியாக இருந்தன. நான் போனை உயர்த்திப் படமெடுத்தேன். எடுத்த படத்தைப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அட்டவணையில் கலா இடது பக்கம். பாய் வலது பக்கம். நடுவில் ஒரு தடித்த கோடு. படத்தில் கோடு இல்லை.

"தமிழரசி, இந்த டிராலி எந்தச் சூட்டுல வெந்துச்சு?"

"புதுச் சூடுதான் மேடம்." பெருமையாகச் சிரித்தார். "பிள்ளையார் இருக்காரே. சூளைக்காரங்க முதல்ல அதத்தான் பாப்பாங்க. பழைய சூடு வச்சா புது மண்ணு தாங்காது, தும்பிக்கையெல்லாம் வழிஞ்சு தொங்கிடும். எந்த டிராலியில பாத்தாலும் யாரோடதாவது புது மண்ணு இருக்கும். அதனால இப்பல்லாம் எல்லாத்துக்கும் புதுச் சூடுதான்."

"பாயோட கேரியருக்கு எந்தச் சூடு வேணும்?"

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு கேரியரை எடுத்தார். ஆறவைத்தார். சுத்தியலால் ஒரு தட்டு. டொக் என்று உடைந்தது. உடைந்த முகத்தில் பேனா மையை ஒரு சொட்டு விட்டார். மை நின்று உருளவில்லை. காய்ந்த நிலத்தில் விழுந்த மழைத்துளிபோல உள்ளே போனது. நீலம் பரவியது. துடைத்தார். போகவில்லை. தண்ணீரில் கழுவினார். போகவில்லை. மேல்பூச்சு பளபளத்துக்கொண்டே இருந்தது. உள்ளே வேகாத மண் குடித்துக்கொண்டே இருந்தது.

பாய் ஓடிப்போய்த் தன் ஷெட்டிலிருந்து பழையது ஒன்றை எடுத்துவந்தார். நல்ல காலத்தில் செய்தது. அதையும் உடைத்தார்கள். மை முத்துப்போல நின்றது. விரலால் வழித்ததும் வெள்ளை.



"வேகலியா?" என்றார் பாய். குழந்தை கேட்பதுபோலக் கேட்டார். "இத்தன நாளும் என் சரக்கு வேகவே இல்லியா?" அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அடுப்ப யாரு சந்தேகப்படுவாங்க? ஆளைத்தான சந்தேகப்பட்டேன்," என்றார். மண் கலக்குகிற அந்த மனிதரைத்தான் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கலாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "பாய்... நான் வச்ச பொம்மையாலயா?"

அவர் உடைந்த கேரியர் துண்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நீயா வந்து வச்ச? வைன்னு நான்தான சொன்னேன்."

அவர் சும்மா கொடுத்த இடம். அந்த இடத்தில் உட்கார்ந்த பிள்ளையார்களுக்காகக் குறைந்த சூடு. அந்தச் சூட்டில் வேகாத சரக்கு. வேகாத சரக்கால் வந்த சரிவு. அந்தச் சரிவை, ஆராய்ச்சியே நடக்காத ஊர் என்று பெயரிட்டு நாங்கள் அட்டவணையின் வலது பக்கத்தில் வைத்திருந்தோம். பாய் விழுந்த பள்ளத்துக்குள் நின்றுகொண்டு கலாவின் உயரத்தை அளந்திருக்கிறோம். கலா ஏறியது கொஞ்சம் நிஜம். மிச்சமெல்லாம் பள்ளத்தின் ஆழம். அதைப் பார்த்துத்தான் அறையில் கை தட்டினார்கள். போதாதென்று, அவருக்குச் சூளையில் இருக்கிற இடத்தையும் பிடுங்கிக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தோம்.

தெரிந்துகொள்ளுங்கள், யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கில் ஓர் எண்கூடத் தவறில்லை. அதுதான் என்னை இன்றுவரை உலுக்குகிறது. ஒரே தீயில் உட்கார்ந்தவர்களைப் பிரித்துவைத்து ஒப்பிட்டால், ஒருவருடைய நஷ்டம் இன்னொருவருடைய சாதனையாகத் தெரியும். ஆகவே உங்கள் ஒப்பீட்டில் மறு பக்கம் யார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், யாரோடு நிற்கிறார்கள், எதைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அடுப்பு, கிணறு, சந்தை, வேலையாள். எதைப் பகிர்ந்தாலும் உங்கள் கோடு அழிந்துவிடும்.

தலைவருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.

"மேல சொல்லிட்டேனேம்மா," என்றார்.

"தெரியும் சார்."

"அந்தப் பாயை எடுத்துட்டு, அவரை மாதிரி இருக்கிறவங்களையும் எடுத்துட்டுக் கணக்குப் போட்டா?"

"எடுத்துட்டா ஒப்பிட யாரும் இல்லை சார். எடுத்தாலும் அவர் அங்கதான் இருக்கார். சூளைக்குள்ள."

நான் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"நம்பரைக் குறைக்கிறது சுலபம்மா. குறைஞ்ச நம்பரைப் பாத்ததும், ஆராய்ச்சியே வீண்னு லேபை மூடிட்டுப் போவான். கண்டுபிடிப்பு நல்லது, அதை வச்ச விதத்துல நஷ்டம் வந்துச்சுன்னு ரெண்டையும் ஒரே பக்கத்துல, படிக்கிறவன் தப்பிக்க முடியாத மாதிரி எழுத வருமா உங்களுக்கு? வரும்னா சொல்லுங்க. மேல நான் பேசிக்கறேன். வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

வரும் என்றேன். வருமா என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தால் பழைய எண்ணே அச்சாகியிருக்கும். சில சமயம் தைரியம் முதலில் வாயில் வருகிறது. பிறகுதான் உடம்புக்கு வந்து சேர்கிறது.

திரும்பிப் பார்த்தால் தமிழரசி நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"என் கலவை தப்பில்ல மேடம்," என்றார். குரல் உடைந்து, உடனே கூர்மையானது. "என்கிட்ட கொண்டாந்த சரக்கையெல்லாம் டெஸ்ட் பண்ணேன். ஒண்ணுகூட ஃபெயில் ஆகல. இவரு சரக்கு என்கிட்ட வரவே இல்ல. இடுக்குல வச்சது இவங்க. சூட்ட எறக்குனது சூளை ஆளுங்க. இப்ப நீங்க நம்பரைக் குறைச்சா மூடப்போறது என் லேபு. இது என்னங்க நியாயம்?"

"நியாயம் இல்லதான்," என்றேன். "ஆனா பாய் சரக்கு வேகலை."

அவர் கை எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. "ஒரு டிராலி பழைய சூட்டுல விட்டுப் பாக்கலாம். இடுக்குல எதுவும் வைக்கக் கூடாது," என்றார். என்னிடம் அல்ல, சூளையைப் பார்த்து.

அன்று ஊருக்குத் திரும்பவில்லை. பாயின் சரக்கு மட்டும் அடுக்கிய டிராலி உள்ளே போனது. இடுக்குகள் காலியாக, பல் விழுந்த வாய்போல இருந்தன. அடுக்கும்போது கலா அங்கே வரவில்லை. தன் பிள்ளையார்களைத் தட்டில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பெண்ணாடத்துக்காரர் வந்துவிட்டார். வேட்டி மடித்துக் கட்டிய நல்ல மனிதர். "டிராலி வரட்டும்ங்க, அதப் பாத்துட்டுச் சொல்லுங்க. நான் என்ன, ஓடவா போறேன்?" என்று டீ குடித்துக்கொண்டே காத்திருந்தார். மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்த சரக்கைப் பார்த்து அவரே வருத்தப்பட்டார்.

டிராலி வெளியே வந்தது. ஆறும்வரை யாருக்கும் பொறுமையில்லை. தமிழரசி ஒன்றைத் தட்டினார். கணீர். உடைத்து மை விட்டார். முத்து. துடைத்தார். வெள்ளை. கலா ஓடிவந்து பாயின் கையைப் பிடித்து, "வெந்துடுச்சு பாய், வெந்துடுச்சு!" என்று கத்தினார். சூளைக்காரர் ஒருவர் விசிலடித்தார். பாய் ஒரு கேரியரை மார்போடு வைத்துக்கொண்டார், சூடு இன்னும் முழுதாகப் போகாத கேரியரை.

அப்படியே தன் பெரிய வியாபாரிக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கண்டுபுடிச்சாச்சு! சூடு கொறஞ்சுருக்குது, அதான். இப்ப சரக்கு பழையபடி வந்துருச்சு. இன்னைக்கே அனுப்பட்டுமா?"

மறுமுனை தயங்கியது. "பாய், சரக்கு நல்லா இருக்கும். இல்லன்னு சொல்லல. போன மழையில ஒரு வூட்டுல போர்டு எரிஞ்சுது, தெரியுமா? ஆளுக்கு ஒண்ணும் ஆவல. ஆனா அந்தாளு இன்னும் என் கடை வாசல்ல நின்னுகிட்டுக் கத்துறாரு. உங்க பேரு போட்ட மூட்டையக் கடைக்குள்ள எறக்கவே பயமா இருக்குது. மன்னிச்சுக்கங்க. நான் வேற எடம் பாத்துட்டேன்."

ஸ்பீக்கர் நின்றது. விசிலடித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். வெந்த சரக்கு, நல்ல சரக்கு, கணீரென்ற சரக்கு, டிராலி நிறைய. வாங்க ஆளில்லை. திருத்தம் வந்து சேர்ந்தது. நம்பிக்கை அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தது. நம் கணக்குகளில் நஷ்டத்தை நிறுத்தினால் நஷ்டம் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்கிறோம். நிற்காது. அது தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கும்.

பாய் பெண்ணாடத்துக்காரரிடம் திரும்பினார். "பேசிடலாம்ங்க," என்றார்.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். பலன் சிறுத்தது, இருந்தாலும் அது நிஜமான பலன். தலைவர் மேலிடத்தில் என்னென்ன ஏச்சு வாங்கினார் என்பதை அவர் என்னிடம் சொன்னதில்லை. கொஞ்ச நாள் அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. ஆய்வுக்கூடம் மூடப்படவில்லை. கேட்டிருந்த புதிய கருவிகள் வரவில்லை. பழைய மண்காரர்களுக்கென்று சூளையில் ஒரு தனி நாள் ஒதுக்கினார்கள். அன்றைக்கு மட்டும் இடுக்கில் யாரும் எதையும் வைப்பதில்லை. மின்சாரச் சாமான் செய்த மற்ற யூனிட்டுகள் பிழைத்துக்கொண்டன. தமிழரசி இப்போது யார் சரக்கு வந்தாலும் மை விட்டுப் பார்க்கிறாராம், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

ஆனால் அன்று, ஷெட்டைப் பேசி முடித்த அந்தச் சாயங்காலம், இதெல்லாம் நடக்குமென்று எங்களுக்குத் தெரியாது. நான் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் ஏறிவிட்டேன். பாய் வாசல்வரை வந்தார். மறுபடியும் குவைத்துக்கே போவதாகச் சொன்னார்; போவதற்கு முன் மண் கலக்குகிறவர் வீட்டுக்கு ஒரு நடை போக வேண்டும் என்றார். ஆட்டோ கிளம்பும்போது கம்பியைப் பிடித்து நிறுத்தினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். உங்க ரிப்போர்ட்டுல என்னை எந்தப் பக்கம் போடுவீங்க? ஜெயிச்சவங்க பக்கம் வராது, தெரியும்."

மழுப்பியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து மழுப்ப முடியவில்லை. "செலவுப் பக்கம் பாய்," என்றேன். "அந்த ஆராய்ச்சிக்கு அரசாங்கம் எவ்வளவு போட்டுச்சோ, அதுக்குக் கீழ. நீங்க இழந்ததும் அதோட செலவுதான்."

கம்பியிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தார்.

"அரசாங்கத்துக்குக் கீழயே என் வரியா?"

"அதுக்கு நேர் கீழ."

"அப்ப நான் தோத்தவன் இல்ல மேடம். நானும் பணம் போட்டவன். அப்படியே எழுதுங்க."